பேச்சுப் பெட்டி வந்த ஜூன் மாதம்

ஜூன் 3, 1986, செவ்வாய்

எட்வின் லீவில் வந்துவிட்டான். பியூலாவின் தம்பி, கப்பலில் ரேடியோ ஆபீசர். போன தடவை வந்தபோது லண்டனிலிருந்து ஒரு ஹோம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். கறுப்பாக, சிலேட்டை விடச் சின்னதாக இருக்கும். சாவிகள் எல்லாம் ரப்பர். டிவியோடு இணைத்தால் நாம் அடிப்பது திரையில் தெரியும். என் மனைவி பியூலா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள். அந்தச் சாவிகளைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்காது. அழிரப்பர் மேல் டைப் அடிப்பது போல இருக்கிறது என்பாள்.

இந்தத் தடவை அதன் முதுகில் மாட்டுவதற்கு இன்னொரு பெட்டி கொண்டுவந்திருக்கிறான். சோப்பு டப்பா அளவு. உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர். இதை மாட்டினால் கம்ப்யூட்டர் பேசுமாம். எனக்காகவே தேடி வாங்கினானாம்.

என்னைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. பிப்ரவரியில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அது வழியாக மூச்சு. மற்றபடி சௌக்கியம். காற்றை விழுங்கி, ஏப்பம் போல வெளியே விட்டுப் பேசலாம் என்று டாக்டர் பழக்கிப் பார்த்தார். எனக்கு ஏப்பம் மட்டும் வந்தது. அதனால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இருபது வருடம் டைம் கீப்பராக இருந்து, மைக்கில் பஸ்களின் பெயரைக் கூவியவன் நான். வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள் என்று பியூலாவிடம் நர்ஸ் சொன்னாளாம். அப்படி வந்தது இது.

ஜூன் 4, புதன்

பெட்டியை மாட்டினோம். டிவியில் வெறும் கோடுகள். கழற்றி மாட்டினோம். கோடுகள் குறுக்கே ஓடின. எட்வின் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் காட்டினான். அங்கே சீப்புப் பல் போலச் செம்புப் பட்டைகள். இரண்டு வருடத் தூசியில் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னான். இன்ஸ்டிட்யூட்டிலிருந்து பியூலா ரப்பர் கொண்டுவந்தாள். இருபத்தெட்டுப் பட்டை, இரண்டு பக்கமும். நேரம் போனதே தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பேசியது.

எட்வின் கடைக்குப் போயிருந்தான். புத்தகத்தைப் பார்த்து நானே ஒரு விரலால் அடித்தேன். இங்கிலீஷில் உள்ள ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். எண்களை வரிசையாகக் கொடுத்தால் பெட்டி அந்த ஒலிகளைக் கோத்துச் சொல்கிறது. மூக்கடைப்பு உள்ள ஆள் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல ஒரு குரல் 'ஹலோ' என்றது.

சமையலறையிலிருந்து பியூலா, "ஏங்க, யாரு வந்திருக்கா?" என்றாள்.

திரும்பத் திரும்பப் பதினோரு தடவை ஹலோ சொல்ல வைத்தேன். பன்னிரண்டாவது தடவைக்கு முன் அவள் வந்து சுவிட்சை அணைத்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

இரண்டு மணி நேரம் அடித்ததெல்லாம் போச்சு. மேஜையில் முழங்கை பட்டது. பெட்டி ஒரு நூலளவு ஆடியது. உடனே திரை வெள்ளையாகிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் பூரணலிங்கம் வந்திருந்தார். கூட்டுறவு வங்கி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இருபது வருடமாக நான் டூட்டி முடிந்து வரும் வழியில் அவர் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்துவேன். ஒரு மணி நேரமாவது பேச்சு ஓடும். பெரும்பாலும் நான்தான் பேசுவேன்.

நான் வீட்டில் இல்லை என்று பியூலா சொல்லிவிட்டாள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். புதுச் செருப்பு. இடது காலில் கடித்திருக்கும் போல, கழற்றிவிட்டுக் குதிகாலைத் தடவிக்கொண்டார். காபியில் பாதியை வைத்துவிட்டார். எழுந்த பிறகும் உள் அறைக் கதவுப் பக்கம் திரும்பிச் சற்று நின்றார். நான் வந்ததும், கேட்டதாகச் சொல்லச் சொன்னாராம்.

ஜூன் 10, செவ்வாய்

பியூலா இன்று பேசவில்லை. தோசைக்குச் சட்னி இல்லை. தேங்காய் விலையைக் காரணம் சொல்லக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பெட்டி ஆடுவதற்கு வைத்தியம் பார்த்தாயிற்று. பழைய பலகை ஒன்றை இரண்டடி நீளத்துக்கு அறுத்தேன். கம்ப்யூட்டரையும் பெட்டியையும் அதன் மேல் ஒரே மட்டத்தில் வைத்து, அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி, இரண்டையும் டியூப் பட்டையாலேயே இறுக்கிக் கட்டினேன். இப்போது பலகையோடு தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடக்கலாம். நடந்தும் பார்த்தேன். ஹலோ, ஹலோ என்றபடியே வந்தது. கரண்ட் வயர் எட்டாத இடத்தில் நின்றுவிட்டது.

கரண்ட் போனாலும் எல்லாம் அழிந்துவிடும். எழுதியதைக் கேசட்டில் பதிந்துவைக்க எட்வின் சொல்லிக்கொடுத்தான். பதியும்போது டேப் ரிக்கார்டர் கீச்சென்று கத்துகிறது. பக்கத்து வீட்டில் ரேடியோ ரிப்பேரா என்று கேட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். பெட்டிக்கு இங்கிலீஷ் ஒலிகள்தான் தெரியும். 'தூத்துக்குடி' என்று கேட்டால் 'டூட்டுக்குடி' என்கிறது. 'த'வுக்கு வேறொரு எண்ணைப் போட்டால் பல் இல்லாதவர் போலக் காற்று விடுகிறது. 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னோம். 'வாரைப்பரம்' என்றது. எட்வின் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பியூலாவும் சிரித்தாள். அவள் சிரித்து ஐந்து நாளாகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தென்காசி, பாபநாசம், திருச்செந்தூர், நாகர்கோவில் நான்கையும் ஓரளவுக்குச் சொல்ல வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

எட்வின் இன்று பம்பாய்க்குக் கிளம்பினான். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும், வெயில் வேறு. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவன், "அத்தான், அந்தப் பேச்சுப் பெட்டியில முதல்ல யார்கிட்ட என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டான்.

இருபத்து மூன்று ஊர்களின் பெயரைத் தயார் செய்திருப்பதாகச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவன் பியூலாவைப் பார்த்தான்.

"ஊர்ப் பேரு கேக்கவா அவன் அங்கிருந்து சுமந்துட்டு வந்தான்?" என்றாள் அவள்.

என் மெடிக்கல் லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. அதையும் நினைவுபடுத்தினாள்.

ஜூன் 21, சனி

பியூலாவுக்கு இந்தப் பெட்டியில் அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன். இன்று இன்ஸ்டிட்யூட்டிலிருந்து நான்கு தாள் கொண்டுவந்தாள். கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒரு பக்கம் தமிழ் எழுத்து, அடுத்து அதை இங்கிலீஷ் சாவியில் எப்படி அடிப்பது, அதற்கு எதிரே பெட்டியின் எண்கள். எட்வின் இருந்தபோதே அவனிடம் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துவைத்திருக்கிறாள். இனி நான் எண்களைத் தேட வேண்டாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் போதும், மெஷினே எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதற்கான புரோகிராமை அவளே அடித்தாள். ரப்பர் சாவிகளைத் திட்டிக்கொண்டே, பார்க்காமலே அடித்தாள். பத்து விரலும் ஓடின.

முடித்ததும் கேசட்டில் பதிந்தாள். இரண்டு தடவை. பிறகு மெஷினில் ஏதோ அடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பெட்டி சொன்னது: "சாப்பிட வாங்க."

ஜூன் 24, செவ்வாய்

பூரணலிங்கத்தைக் கூப்பிடலாமா என்று பியூலா கேட்டாள். 'ழ' இன்னும் வரவில்லை என்று எழுதிக் காட்டினேன். அவர் பெயரில் 'ழ' எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

இந்த நோட்டில் எழுதினால் யாருக்கும் கேட்கப்போவதில்லை. ஒன்பதாம் தேதி நான் வீட்டில்தான் இருந்தேன். உள் அறையில், கதவு நிலைப்படியில், அவருக்கு ஆறடி தள்ளி. சாக்குத் துணி மேல் நடப்பது போலப் பாதத்தைப் பதித்து வந்து நின்றேன். என்னைக் கேட்டார். நான் பியூலாவிடம் கையை ஆட்டினேன். அவள் முகம் போன போக்கு இப்போதும் தெரிகிறது. அது மூன்றாவது தடவை. மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று.

மற்றவர்களுக்குச் சிலேட்டைக் காட்டலாம். அவருக்கு எதைக் காட்டுவது? சீட்டு எழுதிக் கொடுத்து அவர் சம்சாரத்தை வாசிக்கச் சொல்லலாம். நான் சொல்வதையெல்லாம் அந்த அம்மாள் வாயால் சொல்ல முடியாது. பிரெயில் படியுங்களேன் என்று பியூலா சொன்னபோது, ஆறு மாதமாகும் என்று எழுதினேன். எவ்வளவு நாளாகும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பதென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

நாலரை மணிக்கு மெஷின் முன்னால் இருந்தேன். வாசலில் பியூலாவின் குரலும் இன்னொரு குரலும் கேட்டன. அவள் வங்கிக்கே போய் அவரைக் கூட்டி வந்துவிட்டாள். எழுந்து உள்ளே போக நேரமில்லை. பலகையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவரை என் எதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, காபி போடுவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

பூரணலிங்கம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சின்ன டிக் சத்தம் வரும். அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். முடிக்கும் சாவியை அழுத்தினேன்.

"பூரணலிங்கம். நான் டங்கையா."

அவர் முகம் பெட்டியின் பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"தங்கையா," என்றார். "மொத எழுத்து சரியில்ல வே. டங்கையான்னு கேக்குது."

அதைத் திருத்தாமல் அடுத்ததை அடித்தேன். பியூலா வந்து, தான் அடிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். காபியை வைத்துவிட்டு மறுபடி போனாள். என் ஒரு விரலுக்கு நான்கு நிமிடம் ஆனது. இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். பெட்டி அதை நிறுத்தாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னது.

"அன்று நான் வீட்டில் இருந்தேன். மூன்று தடவையும் இருந்தேன்."

அவர் காபியைத் தேடி எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"தெரியும் வே. கழுத்து வழியா மூச்சு விடுதீரு. ஊதல் போல ஒரு சத்தம். அறைக்குள்ள வந்ததுமே கேட்டுட்டேன்."

பிறகு ஏன் உட்கார்ந்திருந்தீர் என்று அடித்தேன். அதற்கு அவர் சொன்னார்: "பேசச் சொல்லி நான் கேக்கலையே. ஒரு எட்டு வந்து என் கையைத் தொட்டிருந்தா, நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போயிருப்பேன். நீரு நின்னுட்டே இருந்தீரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அதற்குமேல் அவர் நிறுத்தவில்லை. மார்ச் மாதத்திலிருந்து சேர்த்துவைத்திருந்த கோபம் எல்லாம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் தூங்குவது போல நடித்தது முதற்கொண்டு அவருக்குத் தெரிந்திருக்கிறது. வங்கியில் ஒவ்வொரு போன் மணிக்கும், தங்கையா எங்கிருந்தோ கூப்பிடுகிறானோ என்று கை ஒரு நொடி நின்று போகிறது என்றார். குரல் இல்லாதவன் எப்படிக் கூப்பிடுவான் என்று தன்னையே திட்டிக்கொண்டாராம். நான் பதில் சொல்ல அடிக்கத் தொடங்குவேன். நான்கு எழுத்து போவதற்குள் அவர் அடுத்த வசவுக்குப் போய்விடுவார். இருபது வருடத்தில் அவரை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை நான். இன்று முழுதாக அரை மணி நேரம் அவர்தான் பேசினார்.

நடுவில் நாற்காலியை நகர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டால் டைப் அடிக்க ஒரு கை போதாதே என்று ஒரு நினைப்பு வந்தது. எப்படியும் நான் ஒரு விரலால் அடிக்கிறவன்தானே.

பியூலா சமையலறையில் ஒரே டம்ளரை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, சனி

அவர் மறுபடி வந்தார். முதல் எழுத்தைச் சரி செய்யாமல் தூக்கம் வரவில்லையாம்.

ஜூன் 30, திங்கள்

இந்தப் பெட்டிக்கு உண்மையான வாத்தியார் கிடைத்துவிட்டார். நாள் முழுக்கக் காதில் டெலிபோன் மாட்டிக்கொண்டிருக்கிறவர். நமக்கு ஒன்று போலக் கேட்கும் இரண்டு ஒலியை அவர் பிரித்துச் சொல்கிறார். அவர் சொல்ல, பியூலா தாளில் எண்ணைத் திருத்த, நான் அழுத்துகிறேன். 'ர'வையும் 'ல'வையும் ஒட்டி, நடுவில் துளி இடைவெளிகூட விடாமல் போட்டதில் 'ழ' மாதிரி ஒன்று வந்தது. வாழைப்பழம் சொல்ல வைத்தோம்.

"ம். பழத்தை வாயில வச்சுட்டு சொல்லுத மாதிரி இருக்கு. ஆனா பழம்தான்," என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

டூட்டியில் சேர்ந்தேன். ஆபீசில் பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதும் வேலை. பஸ் ஸ்டாண்டு அப்படியேதான் இருக்கிறது, என்னைப் பார்த்ததும் யாரும் ஓடவில்லை. பழம் விற்கிற அம்மாள் மட்டும் கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு கொய்யா கொடுத்தாள். மைக்கில் இப்போது ராமபாண்டியன். திருச்செந்தூரைத் 'திர்ச்செந்தூர்' என்கிறான். சிலேட்டில் பெரிதாக எழுதி ஜன்னல் வழியாகக் காட்டினேன். அடுத்த தடவை சரியாகச் சொன்னான்.

ஜூலை 3, வியாழன்

கரண்ட் இல்லை. நாள் முழுக்க.

ஜூலை 6, ஞாயிறு

பூரணலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார். மீன் குழம்பு. சாப்பிட்டதும் பழையபடி ஒரு கதை சொல்லும் என்றார்.

வெள்ளிக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லலாம் என்று அடிக்க ஆரம்பித்தேன். பாபநாசம் பஸ் முக்கூடலில் நின்றது. புதுக் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். ரோட்டில் யாரோ ஒரு பிள்ளை பொம்மை விசிலை ஊதியது. கண்டக்டர்தான் விசில் கொடுக்கிறார் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பஸ்ஸுக்குள் டிக்கெட் கேட்க ஆளில்லை. ரோட்டில் டிக்கெட் பையோடு ஆள் நிற்கிறார். இவ்வளவு சொல்ல இருபது நிமிடம். பெட்டி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்புறம் அந்தக் கண்டக்டர்," என்றது பெட்டி.

கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி சுற்றி நின்றது. "அந்தக் கண்டக்டர் என்ன வே செஞ்சான்?" என்றார். நான் என்ன செய்வது? அவர் கையை எடுத்து என் தோளில் வைத்து, தோளை உயர்த்திக் காட்டினேன்.

அவரே ஊகிக்க ஆரம்பித்தார். டாக்சி பிடித்தானா? இல்லை என்று தோளைக் குலுக்கினேன். ஓடிப் பிடித்தானா? இல்லை. அழுதானா? இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த பஸ்ல ஏறியிருப்பான். பழக்க தோஷத்துல அந்த பஸ் கண்டக்டர்கிட்டயே போயி, டிக்கெட் எடுன்னு கேட்டிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, கழுத்துத் துளை வழியாகப் புஸ் புஸ் என்று காற்று மட்டும் வந்தது. அவர் பயந்துவிட்டார். "இருமுதீரா, சிரிக்கீரா?" என்று கேட்டு, என் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முதுகு குலுங்குவது தெரிந்ததும் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் கண்டக்டர் தன்னிடமே டிக்கெட் எடுத்திருப்பான் என்றார். எடுத்த டிக்கெட்டைத் தானே செக்கிங்குக்கு நீட்டியிருப்பான் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பியூலா என்ன சத்தம் என்று பார்க்க வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. பியூலா கேசட்டை ஓட்டிப் புரோகிராமை ஏற்றினாள். ஐந்து நிமிடக் கீச்சுச் சத்தம். அதுவரை அவர் பொறுமையாக இருந்தார்.

உண்மையில் அந்தக் கண்டக்டர் ஒரு லாரியில் ஏறி அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸைப் பிடித்தார். அவ்வளவுதான் கதை. அதில் ஒன்றும் இல்லை.

"நீர் சொன்னதுதான் நடந்தது," என்று அடித்தேன். "அடுத்த பஸ் கண்டக்டரிடமே டிக்கெட் எடு என்று கேட்டார்."

முன்பெல்லாம் நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால்கூட என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். பெட்டிக்கு எல்லாம் ஒரே குரல். அவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல என்று, கம்பை எடுத்துக்கொண்டு வாசல் வரை பியூலாவிடம் அதையே முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போனார்.

பியூலா திரும்பிப் பார்த்து, அப்படியா நடந்தது என்று கண்ணால் கேட்டாள். நான் பலகையைத் துடைக்கத் துணி தேடப் போனேன்.